செஞ்சிக் கோட்டையின் சுடுமண் நீர்க்குழாய்கள்

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ள மலைக்கோட்டை ஆகும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதில்களும் சேர்ந்ததே இக்கோட்டை. இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால் என்னும் பல அடுக்கு மாளிகை உள்ளது. ஏறத்தாழ 500 கஜம் (சுமார் 460 மீட்டர்) தொலைவில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து, சுட்ட மண்ணால் செய்த குழாய்களின் வழியாக இம்மாளிகைக்கு நீர் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குக் குழாய் வழியே நீர் வழங்கிய பழைய ஏற்பாடுகளுள் இது குறிப்பிடத்தக்கது. இக்கட்டுரை அந்த ஏற்பாட்டையும், அது செயல்பட்ட முறையையும், பிற்காலத்தில் வீட்டுக் குழாய்கள் மாறிவந்த வரலாற்றையும் கூறுகிறது.

கோட்டையின் வரலாற்றுச் சுருக்கம்

மரபு வரலாற்றின்படி செஞ்சியில் முதலில் அரண் அமைத்தவர்கள் கோன் மரபினர். பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் செஞ்சி நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆண்டனர். இன்று காணப்படும் கட்டடங்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தில் உருவானவை. 1649இல் கோட்டை பீஜப்பூர் சுல்தானியத்தின் கைக்குச் சென்றது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைப் பிடித்தது. நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் புகழ்பெற்ற தேசிங்குராஜன் 1714இல் ஆர்க்காட்டு நவாபுடன் போரிட்டு இறந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். 1780இல் ஐதர் அலியின் படையிடம் அது சென்றது. அதன் பிறகு செஞ்சி பெரிய போர்களைக் காணவில்லை.

இத்தனை கைமாறியும் எல்லா ஆட்சியாளர்களுக்கும் ஒரு கேள்வி பொதுவாக இருந்தது. பாறைக் குன்றுகளுக்கு நடுவே வாழும் படைக்கும் குடும்பங்களுக்கும் குதிரை, யானைகளுக்கும் நீர் எங்கிருந்து வரும் என்பதே அக்கேள்வி.

மலைமேல் நீர்

இராஜகிரி சுமார் 800 அடி உயரமுள்ள குன்று. பெரும் கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தாற்போல் இருப்பதால், பெய்யும் மழை மண்ணில் ஊறாமல் பாறைமேல் ஓடிவிடும். ஆனால் பாறை இடுக்குகளில் இறங்கும் நீர் மெல்லக் கசிந்து சுனைகளாக வெளிப்படும். இராஜகிரியின் உச்சி அரணில் நன்னீர்ச் சுனைகள் இரண்டும், அவற்றுக்குக் கீழே நீரைச் சேமிக்கும் தேக்கங்கள் மூன்றும் உள்ளன.

உச்சிக்குச் செல்லும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதன்மேல் இழுவைப் பாலம் போடப்பட்டிருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி மேலே ஏறுவது மிகக் கடினம். ஆயினும் மேலே இருப்பவர்களுக்கு உணவும் நீரும் இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பினால் பயனில்லை. அதனால்தான் உச்சியில் களஞ்சியமும் சுனையும் ஒருசேர இடம்பெற்றன. கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்கள் உள்ளன. அங்குள்ள இரண்டு குழிகளை மக்கள் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று அழைக்கின்றனர்.

அடிவாரக் குளங்கள்

அமைதிக் காலத்தில் மக்கள் பெரும்பாலும் அடிவாரக் கோட்டையில் வாழ்ந்தனர். அரண்மனை, கல்யாண மகால், குதிரை லாயம், பெரிய நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவை இங்கே இருந்தன. இவற்றின் அருகே யானைக்குளம் உள்ளது.

இராஜகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிகுளம் என்னும் இரண்டு பெரிய குளங்கள் உள்ளன. மலைச்சரிவில் வழிந்துவரும் மழைநீர் வீணாகாமல் தங்குவதற்கு ஏற்ற இடம் இது. தேசிங்குராஜனின் உடல் செட்டிகுளக் கரையில் எரியூட்டப்பட்டது என்பது ஊர் வழக்கு.

இவ்வாறு செஞ்சியில் நீர் மூன்று படிகளில் கிடைத்தது. உச்சியில் சுனையும், அடிவாரத்தில் குளமும், சமவெளியில் சங்கராபரணி ஆறும் அதனைச் சார்ந்த ஏரிகளும் கிணறுகளும் இருந்தன. சங்கராபரணிக்குச் செஞ்சியாறு, வராக நதி என்னும் பெயர்களும் உண்டு. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, புதுச்சேரி அருகே அது கடலில் கலக்கிறது.

கல்யாண மகாலின் குழாய்

கல்யாண மகால் ஒரு சதுர முற்றத்தையும், அதைச் சுற்றி அறைகளையும், நடுவில் சுமார் 80 அடி உயரமுள்ள கோபுரத்தையும் கொண்டது. கோபுரத்தின் உச்சி கூம்பு வடிவமானது. ஒவ்வொரு அடுக்கிலும் சிறிய அறை ஒன்றும், அதைச் சுற்றி வளைவுகள் கொண்ட தாழ்வாரமும் உண்டு. குறுகிய படிகள் வழியே மேலே ஏறலாம். கோட்டைத் தலைவரின் வீட்டுப் பெண்கள் இங்கே தங்கியதாகக் கூறுவர்.

இம்மாளிகையின் சிறப்பாகப் பழைய ஆங்கிலேய மாவட்டக் குறிப்புகள் எடுத்துச் சொல்வது இதன் சுடுமண் குழாயைத்தான். நீர்த்தேக்கத்திலிருந்து வந்த நீர், கட்டடத்தின் ஆறாவது அடுக்கு வரை இக்குழாய் வழியே சென்றதாக அவை விவரிக்கின்றன. வீட்டில் உள்ளோர் கீழே இறங்கிக் குளத்துக்குச் சென்று குடத்தில் நீர் சுமந்து படியேற வேண்டிய வேலையை இது குறைத்தது. அக்காலத்தில் இத்தகைய வசதி அரண்மனைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கோட்டையிலிருந்த மற்றவர்கள் குளத்திலும் கிணற்றிலும் நீர் எடுத்தனர்.

நீர் மேலேறும் விதி

குழாயில் நீர் மேலேறுவதற்கு எளிய விதி ஒன்று உண்டு. இரு முனையும் திறந்த குழாயில் நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும். நீர் புறப்படும் இடத்தின் மட்டத்தைவிட உயரமாக அது தானாக ஏறாது. இடையில் குழாய் பள்ளத்தில் இறங்கினாலும், மறுபுறம் பழைய மட்டத்துக்குச் சற்றுக் கீழ் வரை நீர் ஏறும். உராய்வினால் சிறிது உயரம் குறையும்.

ஆகவே ஒரு மாளிகையின் மேல் அடுக்குக்கு நீர் செல்ல இரண்டு வழிகளே உள்ளன. அதைவிட உயரமான இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். அல்லது ஏற்றம், கவலை போன்ற இறைப்பு முறைகளால் நீரை உயரமான தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாயில் விட வேண்டும். இன்றைய வீடுகளில் மோட்டார் வைத்து மொட்டைமாடித் தொட்டிக்கு நீர் ஏற்றுவதும் இந்த இரண்டாவது வழியே.

நீர் உயர உயர, அடிக்குழாயின்மேல் அழுத்தம் கூடும். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். 15 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறி நின்றால், அடியிலுள்ள மூட்டு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சுட்ட மண் உறுதியானது என்றாலும் எளிதில் நொறுங்கும். அதன் பலவீனமான இடம் மூட்டுதான். எனவே பழங்காலக் கொத்தனார்கள் மண்குழாயைத் தனியாக விடாமல் சுண்ணாம்புக் காரைக்குள் பதித்து, சுற்றிலும் செங்கல் அல்லது கல் கட்டுமானம் வைத்தனர். அழுத்தத்தைக் காரையும் கட்டுமானமும் சேர்ந்து தாங்கின.

சுடுமண் குழாய் மரபு

சுடுமண் குழாய் மிகப் பழமையானது. சிந்துவெளி நகரங்களில் கழிவுநீருக்குச் சுடுமண் குழாய்கள் பயன்பட்டன. சிவகங்கை மாவட்டத்தின் கீழடி அகழாய்விலும், ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டுள்ளன. பொதுவாக இத்தகைய குழாய்த் துண்டின் ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும். ஒன்றின் குறுகிய முனையை அடுத்ததன் அகன்ற முனைக்குள் செருகி, இடைவெளியைக் காரையால் அடைப்பர்.

விஜயநகரத் தலைநகரான அம்பியில் கற்கால்வாய்களும் சுடுமண் குழாய்களும் அரண்மனைப் பகுதிக்கு நீர் கொண்டுவந்தன. செஞ்சி நாயக்கர்கள் அப்பேரரசின் ஆளுநர்களாக இருந்தவர்கள். தக்காணத்தில் ஔரங்காபாத் நகருக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் அம்பர் அமைத்த நீர்வழியும் புகழ்பெற்றது.

செஞ்சியை வென்ற பீஜப்பூரிலும் இம்முறை பெரிய அளவில் இருந்தது. அங்கே முகமது அடில்ஷா 1651இல் பேகம் தாலாப் என்னும் ஏரியை அமைத்து, கட்டுமானத்துள் பதித்த சுடுமண் குழாய்களால் நகருக்கு நீர் வழங்கினார். வழியில் இடையிடையே கஞ்ச் எனப்படும் நீர்க்கோபுரங்கள் எழுப்பப்பட்டன. குழாயில் அழுத்தம் மிகுந்து வெடிக்காமல் இருக்கவும், நீரில் வரும் வண்டல் படியவும் இக்கோபுரங்கள் உதவின. அடைப்பு ஏற்பட்டால் எந்தக் கோபுரங்களுக்கு இடையே என்று கண்டறிவதும் எளிது. விஜயநகரம், தக்காணம் ஆகிய இரு மரபுகளும் சந்தித்த இடத்தில் செஞ்சி இருந்தது. கல்யாண மகாலின் கட்டட அமைப்பிலும் இந்து, இசுலாமியக் கலைக்கூறுகள் கலந்தே காணப்படுகின்றன.

உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயைவிடச் சுடுமண் குழாய் சிறந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறினார். முதலாவது, அது பழுதானால் யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம். இரண்டாவது, ஈயம் உடலுக்குத் தீங்கானது என்பதால் மண்குழாய் நீரே நலமானது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இக்கருத்து இன்றும் பொருந்துகிறது. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014இல் நீர் எடுக்கும் ஆற்றை மாற்றியபோது, பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் கலந்தது. அதன்பின் அந்நகரில் ஆயிரக்கணக்கான வீட்டு இணைப்புக் குழாய்களைத் தோண்டி மாற்ற நேர்ந்தது.

முற்றுகையும் நோயும்

முகலாய முற்றுகை நீண்ட ஆண்டுகள் இழுத்ததற்கு மதிலும் மலையும் மட்டுமின்றிக் கோட்டைக்குள்ளேயே கிடைத்த நீரும் காரணம். எதிரி வெளியிலுள்ள ஆற்றைத் தடுத்தாலும் சுனைகளையும் குளங்களையும் தடுக்க முடியாது. குழாய் மட்டும் அப்படிப்பட்டதன்று. ஓரிடத்தில் உடைத்தாலே அது நின்றுவிடும். எனவே குழாய் வசதிக்கு மட்டுமே பயன்பட்டது. உயிர்காக்கும் நீருக்கு அதை நம்பிக் கோட்டை கட்டப்படவில்லை.

நீர் இருப்பது வேறு, நல்ல நீர் இருப்பது வேறு. பிரெஞ்சுக்காரர் செஞ்சியை வைத்திருந்த சுமார் பத்தாண்டுகளில் 1200 ஐரோப்பியர் அங்கே இறந்ததாக 18ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதினார். கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் ஒவ்வாத இடம் என்று செஞ்சி அப்போது பெயர் பெற்றிருந்தது. அக்காலப் படைகளில் போரில் இறந்தவர்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்கள் அதிகம். காலரா நீரால் பரவுகிறது என்பதை ஜான் ஸ்னோ 1854இல் இலண்டனில் எடுத்துக்காட்டினார். மலேரியாவுக்குக் கொசு காரணம் என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதற்கு முன்பு குளத்து நீரைக் குடிப்பதிலும் தேங்கிய நீருக்கு அருகே வாழ்வதிலும் உள்ள இடர் எவருக்கும் தெளிவாகத் தெரியாது.

குழாய் நின்றதும் குளம் நிலைத்ததும்

படைகள் வெளியேறிய பிறகு கோட்டைக்குள் குடியிருப்போர் குறைந்தனர். மாளிகைக்கு நீர் தேவைப்படவில்லை. குழாய் என்பது தொடர்ந்து கவனிக்க வேண்டிய பொருள். வண்டல் படிந்தால் கழுவிவிட வேண்டும். மூட்டுக் காரை உதிர்ந்தால் பூச வேண்டும். மர வேர் நுழைந்தால் நீக்கி, உடைந்த துண்டை எடுத்துவிட்டுப் புதிய துண்டு பொருத்த வேண்டும். குயவர், கொத்தனார், காவலர் ஆகியோரின் உழைப்பு நின்றதும் இத்தகைய குழாய் பயனற்றுப் போகும். குளம் அப்படியன்று. தூர் சேர்ந்தாலும் மழை பெய்தால் ஓரளவு நீர் நிற்கும். அதனால்தான் செஞ்சியில் குளங்கள் இன்றும் உள்ளன. குழாய் கல்யாண மகாலின் வரலாற்றுச் செய்தியாக மட்டும் எஞ்சியுள்ளது.

பராமரிப்பே நீர் ஏற்பாட்டின் உயிர் என்பதைத் தமிழகம் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. முதலாம் பராந்தக சோழனின் 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், ஏரிகளைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் என்னும் தனிக்குழு குறிக்கப்படுகிறது.

பிற்காலக் குழாய்கள்

ஆங்கிலேயரும் தம் கோட்டைக்கு வெளியிலிருந்தே நீர் கொண்டுவந்தனர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு 1772இல் ஏழு கிணற்றிலிருந்து நீர் வழங்கப்பட்டது. இன்றும் அப்பகுதிக்கு ஏழு கிணறு என்றே பெயர். 1872இல் செங்குன்றம் ஏரி நீர் சென்னைக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் தொடங்கியது. புதுச்சேரியில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக ஆயி மண்டபம் நிற்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971இல் அமைக்கப்பட்டது. ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் அரண்மனைக்கு மட்டும் இருந்த வசதி இவ்வாறு சாதாரண வீடுகளை எட்டியது.

இக்காலத்தில் குழாய் செய்யும் பொருளும் மாறியது. மண்ணுக்குப் பதில் வார்ப்பிரும்பும், வீடுகளில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் வந்தன. இரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின் உட்புறம் துருப்பிடிக்கும். உப்பு மிகுந்த நீரில் சுண்ணப் படிவும் சேரும். ஓர் அங்குலக் குழாயின் துளை நாளடைவில் விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடுவதுண்டு. காலையில் குழாயைத் திறந்தவுடன் செந்நிற நீர் வருவதும், மேல்மாடியில் நீர் மெல்ல ஒழுகுவதும், மரை வெட்டிய மூட்டுகளில் கசிவதும் இதன் அடையாளங்கள். இக்குறைகளால் பி.வி.சி. குழாயும், சூடுநீருக்குச் சி.பி.வி.சி. குழாயும் இரும்பின் இடத்தைப் பிடித்தன. இவை துருப்பிடிப்பதில்லை. எனினும் சாதாரண பி.வி.சி. வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை பெறும்.

பழைய வீட்டில் குழாய் மாற்றுவோர் செஞ்சியின் ஏற்பாட்டிலிருந்து சில பாடங்களைக் கற்கலாம்.

முதலாவதாக, நீரின் வழி முழுவதையும் பார்க்க வேண்டும். தொட்டியில் வண்டல் இருந்தால் புதுக்குழாயும் அடைபடும். எனவே தொட்டியைக் கழுவிய பிறகே குழாயை இணைப்பது முறை.

இரண்டாவதாக, பீஜப்பூரின் நீர்க்கோபுரங்கள் போல இடையிடையே அடைப்பான் வால்வுகள் இருக்க வேண்டும். அப்போது ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும்போது வீடு முழுவதும் நீரின்றி நிற்காது.

மூன்றாவதாக, சுவருக்குள் குழாயை மூடுவதற்கு முன் நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். குழாய் செல்லும் வழியை வரைந்தோ படம் எடுத்தோ வைத்தால் பின்னாளில் சுவரைத் தேடி உடைக்க நேராது.

நான்காவது எச்சரிக்கை மின்சாரம் தொடர்பானது. பழைய வீடுகள் சிலவற்றில் மின் இணைப்பின் எர்த் கம்பியை இரும்பு நீர்க்குழாயில் கட்டியிருப்பர். இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மின்கசிவு ஏற்படும்போது உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே குழாய் மாற்றும்போது தனியாக எர்த் அமைப்பு உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது அவசியம்.

இன்றைய நிலை

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் இராணுவ நிலவமைப்புகள் என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோட்டை செஞ்சி.

கோட்டைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் இராஜகிரி உச்சியையும் கல்யாண மகாலின் கோபுரத்தையும் பார்த்துத் திரும்புகின்றனர். சுனை, குளம், குழாய், மாளிகை என்னும் வரிசையில் அவற்றைப் பார்த்தால், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கோட்டை தன் நீரை எவ்வாறு தேடி, சேமித்து, பகிர்ந்தது என்பது தெளிவாகும். குளங்களில் குப்பை போடாமலும், மலைச்சரிவின் நீர்வரத்து அடைபடாமலும் காப்பது அந்த ஏற்பாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் பகுதியைக் காப்பதாகும்.